கச்சான் வீசும் நாளில் இரண்டு கடல்

முதல் நாள் இரவு அலைபேசியில் பார்த்தபோது, மறுநாள் காற்று ஒரே வரியில் முடிந்திருந்தது: தென்மேற்கு, 18 நாட், இடையிடையே 24 வரை. ராமேஸ்வரம் என்று ஊர்ப் பெயர் போட்டால் வருகிற வரி அது. அந்த ஒரு வரி தீவின் எந்தெந்த இடத்தில் என்னென்னவாக மாறுகிறது என்று பார்ப்பதற்காகவே ஜூலை மாதத்தில் வந்திருந்தேன். கையில் ஒரு சின்னக் காற்றளவிக் கருவி, ஒரு நோட்டுப் புத்தகம்.

காலை ஐந்தே முக்காலுக்குப் பாம்பன் சாலைப் பாலத்தில் கிழக்கு நோக்கி நடந்துகொண்டிருந்தேன். வலப்பக்கம் மன்னார் வளைகுடா. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நீர்ப்பரப்பில் வெள்ளை நுரை உடைந்து உடைந்து வந்தது. பாலத்தின் தூண்களில் அலை மோதும் சத்தம் நடைபாதை வரை கேட்டது. சாலையைக் கடந்து இடப்பக்கக் கைப்பிடிச் சுவருக்கு வந்தால், அது வேறொரு கடல். பாக் நீரிணை. அலை என்று சொல்ல எதுவும் இல்லை. சிறு சுருக்கங்கள் மட்டும் வடகிழக்கு நோக்கி ஓடிக்கொண்டிருந்தன. நங்கூரமிட்ட படகுகள் எல்லாம் மூக்கைத் தென்மேற்குக்குத் திருப்பி, ஒரே ஒழுங்கில் நின்றன. என் சட்டையை இரண்டு பக்கமும் அடித்தது ஒரே காற்றுதான். கருவி 17 காட்டியது, பிறகு 19.

இந்த ஊர்க்காரர்கள் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்பார்கள், வடக்கே இருப்பதைப் பெண் கடல். ஆனால் வருடம் முழுக்க அந்தக் குணம் அப்படியே நிற்பதில்லை. வாடை எழும்பும் மாதங்களில் வடக்குக் குமுறும், தெற்கு அடங்கும். சுற்றுலா வருகிறவர்கள் பெயரை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள், பருவத்தை விட்டுவிடுகிறார்கள்.

பாலத்தைத் தாண்டி இறங்கியதும் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் போய் நின்றேன். அறுபது வயதிருக்கும்.

"அண்ணே, இன்னைக்குக் காத்து எப்படி?"

"கச்சான் தம்பி. விடியமுன்ன கொஞ்சம் அடங்கிக் கெடந்துச்சு. பொழுது ஏற ஏற எடுத்துக்கிரும். தெக்க போறதுக்கில்ல, கடலுக்குப் போற டோக்கனும் குடுக்கல."

"எப்ப விடும்?"

"ஆவணி போகணும். அதுக்கு முன்ன இடையில ரெண்டு நாள் மூணு நாள் ஓயும். அதைப் பாத்துப் போயி வரணும்."

கச்சான் என்றால் தென்மேற்கிலிருந்து வரும் காற்று. நேர் தெற்கிலிருந்து வந்தால் சோழகம், கிழக்கிலிருந்து கொண்டல், வடக்கும் வடகிழக்கும் வாடை. கடலுக்குள் ஓடும் நீரோட்டத்துக்கு நீவாடு என்று தனிப் பெயர். காற்று ஒரு பக்கமும் நீவாடு இன்னொரு பக்கமும் இழுத்தால் அலை குத்துக்குத்தாக எழும் என்பதையும் அவரே சொன்னார். 'தென்மேற்கு 18' என்பதில் திசையும் வேகமும் இருக்கின்றன. 'கச்சான்' என்ற சொல்லில் அவற்றோடு பருவமும், எந்தக் கரை கலங்கும், எந்தக் கரை தெளியும், எத்தனை நாள் நிற்கும் என்பதும் சேர்ந்தே வருகின்றன. இந்தச் சொற்கள் வானிலை முன்னறிவிப்பில் இடம்பெறாமல் போனது நமக்கு இழப்பு என்று உறுதியாக நினைக்கிறேன். கடலோரத் தமிழர்கள் தங்கள் உயிரை வைத்துச் சேர்த்த சொற்கள் அவை.

காற்று இங்கே இவ்வளவு ஊன்றி வீசுவதற்குக் காரணம் நில அமைப்பு. மேற்கே, ஆரல்வாய்மொழி வரை இறங்கி வரும் மேற்குத் தொடர்ச்சி மலை. கிழக்கே இலங்கையின் நடுமலைநாடு. தென்மேற்குப் பருவக்காற்று இரண்டு மலைகளுக்கும் இடையே கிடைத்த கடல் வழியில் நெருக்கிப் பாய்கிறது. மலையின் தெற்கு இடைவெளியில் பாயும் அதே காற்றுக்காகத்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. மழையை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு வருவதால், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ராமநாதபுரம் கடற்கரைக்குக் காற்றும் வெயிலும்தான், மழை அரிது. அதோடு பகலில் தரை சூடேறக் கடற்காற்றும் சேர்ந்துகொள்ளும். பெரியவர் சொன்ன 'பொழுது ஏற ஏற எடுத்துக்கிரும்' என்பதன் உள்விவரம் இதுதான்.

காற்றாடிச் சறுக்கு விளையாடுகிறவர்கள் உலகத்தின் பல மூலைகளிலிருந்து இங்கே வருவதும் இதற்காகவே. நல்ல காற்றும் சுத்தமான வானமும் ஒன்றாகக் கிடைக்கும் கடற்கரை எளிதில் அமையாது.

எட்டு மணிக்குத் தென்கரையில் இருந்தேன். மணல்திட்டு ஒன்று அலையை வெளியே நிறுத்திவிட, உட்புறம் இடுப்பளவு ஆழத்தில் ஒரு கழி. அலை இல்லை, ஆனால் காற்று முழுசாக வருகிறது. ஆறேழு காற்றாடிகள் வானத்தில் வில்லாக வளைந்து நின்றன. பயிற்சி கொடுக்கும் இளைஞர் மீனவக் குடும்பத்துப் பையன். நான் நோட்டும் கருவியுமாக நிற்பதைப் பார்த்துப் பக்கத்தில் வந்தார்.

"எவ்வளவு சார் காட்டுது?"

"18."

"ஒரு தடவை பாத்தா பத்தாது சார். ரெண்டு நிமிஷம் பிடிச்சுக்கிட்டே நில்லுங்க. கூடுனது எவ்வளவு, கொறஞ்சது எவ்வளவுன்னு பாருங்க."

நின்றேன். குறைந்தபட்சம் 16, அதிகபட்சம் 21. அவர் தலையசைத்தார். சராசரியை விட இந்த இடைவெளிதான் அவருக்கு முக்கியம். 16க்கும் 21க்கும் நடுவே ஆடினால் மாணவரை இறக்கலாம். சராசரி அதே 18 ஆக இருந்து, 11க்கும் 26க்கும் நடுவே தாவினால் இறக்க மாட்டார். காற்றின் தள்ளுவிசை வேகத்தின் இருமடியாகக் கூடுகிறது. 15 நாட் காற்று 21 ஆனால், எண்ணில் ஆறுதான் கூடியிருக்கிறது. காற்றாடியை இழுக்கும் விசையோ ஏறத்தாழ இரண்டு மடங்கு. உடலில் கட்டிய இடுப்புவாரை அந்த இரண்டு மடங்கு ஒரு நொடியில் இழுக்கும்.

அன்றைக்கு எழுபத்தைந்து கிலோ எடையுள்ள ஒருவருக்கு 9 சதுர மீட்டர் காற்றாடி கொடுத்தார். காற்று 14இல் இருந்திருந்தால் 12. இதை ஒரு சூத்திரமாகச் சொல்லவில்லை. ஆளின் எடை, திறமை, கழியின் நீர்மட்டம் எல்லாவற்றையும் பார்த்துச் சொன்னார். இடையிடையே அவர் கண் மேற்குத் தொடுவானத்துக்குப் போய் வந்தது. ஜூலையில் இடிமேகம் குறைவு, மே மாதத்திலும் செப்டம்பரிலும்தான் பயம் என்றார். அடி கறுத்த மேகம் ஒன்று எழும்பி, வீசிக்கொண்டிருந்த காற்று திடீரென்று அறுந்தால், எல்லாரையும் கரைக்கு ஏற்றிக் காற்றாடியை மடக்கிவிடுவாராம். மேகத்திலிருந்து கீழே விழும் குளிர்ந்த காற்று தரையில் பட்டுச் சிதறி எந்தத் திசையிலிருந்தும் வரும். அந்த அமைதி அதற்கு முந்தைய சில நிமிடங்கள். மின்னல் எச்சரிக்கைக்கு அவர் தாமினி செயலியை வைத்திருக்கிறார். ஆனாலும் தன் காதில் இடி கேட்டுவிட்டால், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் ஒருவரும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பது அவர் விதி.

கருவி இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. 1805இல் பிரான்சிஸ் பியூஃபோர்ட் என்ற கடற்படை அதிகாரி காற்றைக் கண்ணால் அளக்க ஒரு படிநிலை வகுத்தார். கடலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை நுரை தெரிந்தால் மூன்றாம் படி, 7 முதல் 10 நாட். நுரை அடிக்கடி தெரிந்தால் நான்கு, 16 நாட் வரை. கடல் முழுக்க நுரையாகிக் கொஞ்சம் சாரலும் பறந்தால் ஐந்து, 21 வரை. குடை பிடிக்கத் திணறினால் ஆறு. அதற்கு மேலே ஏழாம் படிக்குள் வந்தது பாம்பனின் பழைய ரயில் பாலத்தின் எல்லை. அந்தப் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்குச் சுமார் 55 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்புக்கு மாறியது. நாட் கணக்கில் கிட்டத்தட்ட 30. ஒரு ரயிலையே நிறுத்தி வைக்கும் காற்றுக்கு நாம் எவ்வளவு முன்னால் நிற்கவேண்டும் என்று அந்தச் சிவப்பு விளக்கு நினைவுக்கு வரும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

தென்கரையில் இவ்வளவு கவனம். உண்மையில் தென்கரைக் காற்று மனிதனுக்கு ஓரளவு தயவானது. கச்சான் அங்கே கடலிலிருந்து கரையை நோக்கிச் சாய்வாக வருகிறது. காற்றாடி அறுந்தாலும், பலகை நழுவினாலும், ஆளையும் பொருளையும் அது கரையில் கொண்டுவந்து போடும்.

பத்தரை மணிக்கு வடகரைக்குப் போனேன். தங்கச்சிமடம் பக்கம், வில்லூண்டி தீர்த்தத்துக்குக் கொஞ்சம் தள்ளி. கண்ணாடி போலக் கடல். அடியில் மணல் தெரிகிறது. சவுக்கு மரங்களுக்குப் பின்னால் நின்றதால் காற்றே இல்லாதது போல இருந்தது, கருவியில் 6. கோயம்புத்தூரிலிருந்து வந்த நான்கு இளைஞர்கள், காற்றடைத்த துடுப்புப் பலகைகள் இரண்டை ஊதிக்கொண்டிருந்தார்கள். நின்றபடி துடுப்புப் போடும் வகை.

"தெக்குப் பக்கம் போனோம் சார், ஒரே அலை. அதான் இங்க வந்துட்டோம். இது ஏரி மாதிரி இருக்கு" என்றாள் அவர்களில் ஒரு பெண்.

என் வயிற்றில் ஏதோ புரண்டது. நான் அவர்களைப் போலவே நினைத்து ஒருமுறை இறங்கியிருக்கிறேன். வேறொரு ஊரில், சில வருடங்களுக்கு முன், வாடகைக்கு எடுத்த துடுப்புப் படகில். கரையில் காற்று இல்லை, தண்ணீர் அசையவில்லை. துடுப்புப் போடப் போடப் படகு பறந்தது. என் கை வலிமை என்றே நம்பினேன். அரை மணி கழித்துத் திரும்பியபோதுதான் முகத்தில் காற்று அடித்தது. என் பின்னாலேயே வந்து என்னைத் தள்ளிக்கொண்டிருந்த காற்று அது. எவ்வளவு போட்டாலும் கரையில் இருந்த ஒற்றைத் தென்னை அதே அளவில் நின்றது, பிறகு சிறுத்தது. நாட்டுப்படகில் வந்த ஒருவர் கயிறு போட்டு இழுத்து வந்து விட்டார். படகை வாடகைக்குக் கொடுத்தவர்கள் காற்றின் திசை பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அந்தத் தென்னை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அவர்களிடம் சொன்னேன்: "இருநூறு மீட்டர் உள்ளே போனால் அங்கே 18 நாட். உங்களைக் கரையிலிருந்து வெளியே தள்ளும் காற்று."

நம்பிக்கை வராமல் பார்த்தார்கள். தூரத்தில் நீரின் நிறத்தைக் காட்டினேன். கரையோரம் வெளிர்பச்சையாக வழவழப்பாக இருந்த நீர், ஒரு கோட்டுக்கு அப்பால் கருநீலமாகச் சொரசொரத்திருந்தது. அந்தக் கோடுதான் மரங்களின் நிழல் முடியும் இடம். காற்றுக்கும் நிழல் உண்டு. மரத்தின் உயரத்தைப் போல ஏழெட்டு மடங்குத் தூரத்துக்காவது அது நீளும், நிழலின் விளிம்பில் காற்று சுழன்று சுழன்று இறங்கும். கோட்டைத் தாண்டினால் முழுக் கச்சான். அங்கே அலை எழாமல் இருப்பதற்குக் காரணம் காற்று குறைவு என்பதல்ல. தரையைத் தாண்டி இப்போதுதான் தண்ணீரில் கால்வைக்கிறது, அலையைத் திரட்ட அதற்கு இன்னும் தூரம் கிடைக்கவில்லை.

நின்றுகொண்டு துடுப்புப் போடும் ஒருவர் சாதாரணமாக மணிக்கு ஐந்து கிலோமீட்டர் போவார். எதிரே 33 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால் நிமிர்ந்த உடம்பே பாயாகிவிடும். பின்னோக்கித்தான் போவார். இங்கே அப்படிப் போனால் எதிர்ப்படுவது திறந்த பாக் நீரிணையும் அதன் நடுவே சர்வதேச எல்லைக்கோடும். அந்தக் கோட்டின் விலை இந்த ஊர் மீனவர்களுக்குத் தெரியும்.

அந்தப் பெண் உடனே ஒரு கேள்வி கேட்டாள், நல்ல கேள்வி: "அப்ப எங்க சார் பண்றது? தெக்குலயும் அலை, இங்கயும் வேண்டாம்னா?"

இந்தக் கேள்விக்குத்தான் முன்னறிவிப்பு பதில் சொல்லவேண்டும். எந்தச் செயலியும் சொல்வதில்லை. சொல்ல அவற்றால் முடியாது என்பதும் நியாயமே. கணினி மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணிக்கின்றன. ஐரோப்பிய மாதிரியின் கட்டம் சுமார் 9 கிலோமீட்டர், அமெரிக்க மாதிரியின் கட்டம் சுமார் 13. தனுஷ்கோடி மணல்முனையின் அகலம் பல இடங்களில் ஒரு கிலோமீட்டர் கூட வராது. கணினியின் கண்ணுக்கு அந்த நிலமே இல்லை, எனவே அதற்கு இரண்டு கரையும் இல்லை. பத்து மீட்டர் உயரத்தில் திறந்த வெளியில் வீசும் காற்றை அது சொல்கிறது, அதைப் பெரும்பாலும் சரியாகவே சொல்கிறது. மீதியை அந்த இடத்தில் நிற்பவர்தான் சேர்க்கவேண்டும்.

அவர்களுக்கு நான் சொன்ன பதில் இது. தென்கரைக் கழியில், காற்றாடிக்காரர்களிடமிருந்து விலகி, காலையில் ஏழு மணிக்குள் இறங்குங்கள். இடுப்பளவு ஆழத்தைத் தாண்டாதீர்கள். முதலில் காற்றுக்கு எதிராகப் போங்கள். களைத்த பிறகு காற்றே திருப்பிக் கொண்டுவரும். பலகையையும் காலையும் இணைக்கும் கயிறு இல்லாமல் இறங்காதீர்கள், பலகை நழுவினால் உங்களை விட அது வேகமாக ஓடும். காற்று மிஞ்சினால் நிற்காமல் மண்டியிடுங்கள், அதற்கும் மேலே என்றால் குப்புறப் படுத்துக் கையால் துழாவுங்கள். முழுக்க வடகரையில் துடுப்புப் போட ஆசை என்றால் மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ வாருங்கள். வாடை அடங்கி, கச்சான் எழும்பாத அந்த இடைவெளியில் இரண்டு கடலும் ஓரளவு சாந்தமாக இருக்கும். அக்டோபர், நவம்பரில் வராதீர்கள், அது மழைக்கும் புயலுக்குமான காலம். காற்றாடிக்காரர்களுக்கு இரண்டாவது பருவம் டிசம்பர் முதல் மார்ச் வரை, வாடைக் காற்றில். அப்போது கரைகளின் குணம் அப்படியே இடம் மாறும். இன்று நான் வடகரையைப் பற்றிச் சொன்னதெல்லாம் அன்று தென்கரைக்குப் பொருந்தும்.

பலகைகளின் காற்றை இறக்கினார்கள். எனக்கு மூச்சு வந்தது.

மதியம் தனுஷ்கோடி. முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டியதும் சாலையின் குறுக்கே மணல் பாம்புபோல் ஊர்ந்துகொண்டிருந்தது, சில இடங்களில் தார் தெரியாத அளவுக்கு. இருசக்கர வண்டிக்காரர்கள் துண்டால் முகத்தைக் கட்டியிருந்தார்கள். இடிந்த தேவாலயத்தின் பக்கம் கருவியைப் பிடித்தேன்: 23, 25, ஒருமுறை 27. காலையில் பாலத்தில் பார்த்ததற்கும் இதற்கும் இவ்வளவு வித்தியாசம். சூடேறிய மணல், மறைக்க ஒரு மரம் கூட இல்லாத வெளி. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவில் இந்த ஊரை அழித்தது இதே மணலின் மேல் ஏறி வந்த கடல். பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலும் அன்று போயிற்று. விளையாட்டுக்காகக் காற்றைத் தேடி வருகிற நாம் அந்தச் சுவர்களின் அருகில் கொஞ்ச நேரம் சும்மா நிற்கலாம்.

அரிச்சல்முனையில் குளிக்கத் தடை. ஆனாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கால் நனைக்க இறங்குகிறவர்கள் இருந்தார்கள். காவலர் விசில் ஊதிக்கொண்டே இருந்தார். இரண்டு கடலும் சந்திக்கும் மணல்நுனி அது. கரை செங்குத்தாக இறங்கும், காலடி மணலை நீரோட்டம் பறிக்கும். இங்கே காற்றை மட்டும் பார்த்தால் போதாது. தெற்குப் பெருங்கடலில் எங்கோ எழுந்த புயல் அனுப்பும் நீண்ட அலை, நாள்கணக்கில் பயணம் செய்து, காற்றே இல்லாத தெளிந்த பகலில் நம் தென்கரையில் வந்து ஏறும். கள்ளக்கடல் என்று அதற்குப் பெயர். கள்ளன் போல் சொல்லாமல் வருவது. ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. 2024 மே மாதம் அந்த எச்சரிக்கை நடப்பில் இருந்த நாளில்தான், கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் அலையில் போனார்கள். எச்சரிக்கை இருந்தது. அது அவர்களைக் காக்கவில்லை. இதை எழுதும்போதும் மனம் ஆறவில்லை.

பாம்பனில் புயல் வந்தால் எண் போட்டுக் கூண்டு ஏற்றுகிறார்கள். யாருக்கும் அந்த எண்ணின் பொருளை விளக்கவேண்டியதில்லை, ஊரே அண்ணாந்து பார்த்துப் புரிந்துகொள்கிறது. அன்றாடக் காற்றுக்கும் அப்படி ஒன்று வேண்டும். ஒவ்வொரு கரையிலும் ஒரு கரும்பலகை, ஒரு காற்றுப்பை, காலையில் எழுத ஒரு ஆள். வலை பிரித்துக்கொண்டிருந்த அந்தப் பெரியவரைப் போல ஒருவரும், கழியில் கண்ட அந்தப் பயிற்சியாளரைப் போல ஒருவரும் சேர்ந்தால் பத்து நிமிட வேலை.

இரவு விடுதியில் அந்தக் கோயம்புத்தூர்ப் பிள்ளைகளும் தங்கியிருந்தது தெரிந்தது. மறுநாளைக்கு என்ன என்று கேட்டார்கள். செயலிகளையும் வானிலை ஆய்வுத் துறையின் மீனவர் எச்சரிக்கையையும் பார்த்துவிட்டு, நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தேன்:

'நாளை. கச்சான். காலை 6 மணிக்கு 14, பத்துக்கு 19, மூன்று மணிக்குத் தனுஷ்கோடியில் 25க்கு மேல். தென்கரைக் கழி: காற்றாடிக்குப் பகல் முழுக்க நல்லது, புதியவர்களுக்குப் பதினொரு மணிவரை. துடுப்புப் பலகை கழியில் மட்டும், ஏழுக்குள். வடகரை: பார்க்க அமைதி, காற்று கடலுக்குள் தள்ளும், மிதக்கும் எதிலும் ஏற வேண்டாம், முழங்கால் தண்ணீரில் குளிக்கலாம். அரிச்சல்முனை: பார்க்கலாம், இறங்கக் கூடாது, வண்டியில் போகிறவர்கள் கண்ணாடி போடவும். இடி: வாய்ப்புக் குறைவு, மேற்கைப் பார்த்துக்கொண்டே இருக்கவும்.'

விடியற்காலை ஐந்தரைக்கு மொட்டை மாடிக்கு ஏறினேன். எதிர்வீட்டுப் பனையின் ஓலைகள் வடகிழக்கே சாய்ந்து சடசடத்துக்கொண்டிருந்தன. இரவு முழுக்கக் காற்று அடங்கியிருக்கவில்லை. கருவி 18 காட்டியது. கீழே இறங்கிப் பிள்ளைகளின் கதவைத் தட்டி, அந்தத் தாளை வாங்கி, 14 என்பதை அடித்துவிட்டு 18 என்று எழுதினேன். துடுப்புப் பலகை வரியை முழுவதும் அடித்தேன்.